சுவருக்கு இந்தப் பக்கத்து மெஷின்

கடையை வாங்கிவிட்டீர்களாம். என் மச்சான் போன் பண்ணிச் சொன்னார். மூன்று பேருமே கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவர்கள், மூன்று பேருக்கும் வேலை போய், டெக்ஸாஸில் மான் கறி வெட்டிப் பிழைக்கலாம் என்று கிளம்பியிருக்கிறீர்களாம். வாழ்த்துச் சொல்வதா, ஓடிப்போய்விடுங்கள் என்று சொல்வதா, எனக்கே தெரியவில்லை. நானும் இதே வழியில் வந்து விழுந்தவன்தான். ஜெர்சி சிட்டியில் இருந்துகொண்டு ஒரு வங்கிக்கு கான்ட்ராக்டில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலையில் பேட்ஜைக் காட்டினேன், கதவு திறக்கவில்லை. அவ்வளவுதான், வேலை போய்விட்டது. என் அக்கா புருஷன், அதே மச்சான்தான், அப்போதுதான் ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் கேட்டி என்ற ஊருக்கு மேற்கே இந்தக் கடையை எடுத்திருந்தார். "சும்மா ஒரு சீசன் வந்து ஹெல்ப் பண்ணு மாப்ள, அப்புறம் வேற வேலை தேடிக்கலாம்" என்றார். அந்த ஒரு சீசன் முடிவதற்குள் என் தலை முழுக்க வெளுத்துவிட்டது.

இப்போது வலது தோள் மேலே ஏறமாட்டேன் என்கிறது. குளிர்ந்த அறையில் நின்று நின்று முட்டியும் போய்விட்டது. "உங்க அனுபவத்தைக் கொஞ்சம் சொல்லுங்க பாய்" என்று நீங்கள் கேட்டதால் உட்கார்ந்து எழுதுகிறேன். தோலுரிப்பது, எலும்பிலிருந்து கறியைப் பிரிப்பது, பாக்கெட் போடுவது எல்லாம் ஒரு சீசனில் கைக்கு வந்துவிடும், அதற்கு நான் வேண்டாம். கைக்கு வராத சங்கதி கொஞ்சம் இருக்கிறது. அதை மட்டும் சொல்கிறேன். ஆட்களின் பெயரை மாற்றியிருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நம் வேலை மான் செத்த பிறகு ஆரம்பிக்கிறது. வேட்டைக்காரர் டிரக்கின் பின்னால் ஐஸ் போட்டுக் கொண்டுவந்து இறக்குவார். எத்தனை கிளை கொம்பு, எவ்வளவு தூரம், காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று கதை ஓடும். கேட்டுக்கொள்ளுங்கள், பாவம், அவருக்கு வருடத்தில் ஒருமுறைதான் அந்தக் கதை கிடைக்கிறது. ஆனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. எந்தத் தோட்டாவால் சுட்டீர்கள்?

எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் சுவருக்கு அந்தப் பக்கத்துக்காரர். நீங்கள் வாங்கியிருக்கும் கட்டடத்தின் நடுவில் ஒரு சுவர் இருக்கிறதே, அந்தக் காலத்தில் அதற்கு அந்தப் பக்கம் ஓர் அமெரிக்கர் கடை வைத்திருந்தார். மான் வெட்டுவார், காட்டுப் பன்றியும் வெட்டுவார். இந்தப் பக்கம் எங்கள் ஹலால் கடை. தனிக் கதவு, தனித் தொட்டி, தனி மெஷின். மச்சானுக்கு அந்தச் சுவரில் அப்படி ஒரு பெருமை. வருகிறவர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு போய்த் தட்டிக் காட்டுவார். "பாருங்க, கான்கிரீட்டு. ஒரு துளி தண்ணி இந்தப் பக்கம் வராது" என்பார்.

அந்த அமெரிக்கருக்கு என்னைப் பிடிக்குமா பிடிக்காதா என்று கடைசிவரை எனக்குத் தெரியாது. பேசவே கூலி கேட்கிற ஆள். ஆனால் அவருடைய ஜன்னல் ஓரத்தில், கறிக்குள்ளிருந்து எடுத்த தோட்டாக்களை வரிசையாக வைத்திருந்தார். ஒருநாள் கூப்பிட்டுக் காட்டினார். முதலில் சாதாரணத் தோட்டா. உள்ளே ஈயம், மேலே மெல்லிய செம்பு உறை. எலும்பில் பட்டதும் பாதி ஈயம் அப்பளம் மாதிரி நொறுங்கிப் போய்விட்டிருந்தது. மிச்சம்தான் ஜன்னலில் இருந்தது. அடுத்தது ஈயத்தையும் உறையையும் ஒன்றோடொன்று ஒட்ட வைத்தது. அது கொஞ்சம் தேவலை, காளான் மாதிரி பரந்திருந்தது, ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தது. மூன்றாவது முழுச் செம்பு. நுனி நான்காகப் பிளந்து பூ மாதிரி விரிந்து, அப்படியே முழுசாக இருந்தது. முதல் தோட்டாவில் காணாமல் போன பாதி எங்கே போயிருக்கும் என்று என்னைக் கேட்டார். தெரியவில்லை என்றேன். யாரோ தின்றிருப்பார்கள் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்றிலிருந்து நான் காயத்தைச் சுற்றித் தாராளமாகவே வெட்டித் தள்ள ஆரம்பித்தேன். ஈயத் துகள் கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தட்டாது. துளையிலிருந்து தள்ளி, நல்ல சிவப்பாக, பார்க்க அழகாக இருக்கும் கறியிலும் அது போய் உட்கார்ந்திருக்கும். இப்படி வெட்டித் தள்ளினால் ஆள் பாராட்டுவாரா? மாட்டார். "இவ்ளோ பெரிய மானு குடுத்தேன், இத்தனூண்டு பாக்கெட்டு தர்றீங்க?" என்பார். இந்தத் தொழிலில் கறி வெட்டுகிறவனைத் திருடன் என்று நினைக்காத வேட்டைக்காரர் கிடையாது. வெட்டிய துண்டுகளைத் தனி வாளியில் போட்டுவைத்து, அவர் வந்ததும் காட்டுங்கள். வாளியைப் பார்த்த பிறகும் கொஞ்சம் முணுமுணுப்பார். விட்டுவிடுங்கள்.

அதற்காகச் செம்பு என்றால் எல்லாம் சரி என்று எழுதி மாட்டிவிடாதீர்கள். நம் வாடிக்கையாளரில் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் டாக்டர் அங்கிள். மிச்சக் கறியைத் தின்கிற கழுகுக்கு ஈயம் கெடுதல் என்று எங்கோ கேட்டுவிட்டு, முதல் ஆளாகச் செம்புக்கு மாறினார். மாறிய வருடமே வெறுங்கையோடு வந்து நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"சுட்டனான் தம்பி. பட்டது. பட்டதை என்ரை கண்ணாலை பாத்தனான். ஆனா விழேல்லை, ஓடீட்டுது" என்றார்.

"எவ்ளோ தூரம் அங்கிள்?"

அவர் சொன்ன தூரத்தைக் கேட்டு நான் தலையில் கை வைத்தேன். செம்புத் தோட்டா விரிவதற்கு வேகம் வேண்டும். வெகு தூரம் போய் வேகம் குறைந்துவிட்டால் நுனி விரியாது, ஊசி குத்தின மாதிரி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும். ஈயமாக இருந்தால் அந்த வேகத்திலும் கொஞ்சமாவது பரந்திருக்கும். மறுநாள் திரும்பி வந்தார், மானைக் கண்டுபிடித்துவிட்டாராம். கறி கெட்டுப்போயிருந்தது. "ஒரு ராத்திரி முழுக்க அந்தச் சீவன் என்ன பாடு பட்டிருக்கும்" என்று கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். தின்கிறவருக்கு நல்ல தோட்டாதான். சுடுகிறவர் பொறுமையாகக் கிட்டே போய்ச் சுடவில்லை என்றால் மானுக்கு அது நல்லதில்லை. அடுத்த வருடமும் அவர் செம்பைத்தான் எடுத்துக்கொண்டு போனார், ஆனால் கிட்டே வந்தால் மட்டும்தான் சுட்டார். சில வருடம் சுடாமலே திரும்பி வந்தார்.

சரி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன். ரியாஸ், ஹசீனா கதை.

ரியாஸ் கேட்டியில் ஒரு எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்க்கிற பையன். ஊர் கீழக்கரை, என் ஊர்தான், அதனால் என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவான், எங்கள் பக்கத்தில் அண்ணனை அப்படித்தான் சொல்வோம். நவம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை. கடை வாசலிலிருந்து ரோடு வரைக்கும் டிரக் நிற்கிறது. அவன் தன் முதல் மானை இறக்கினான்.

"காக்கா, ஹசீனா மாசமா இருக்கா. ஈயம் கூடவே கூடாதுன்னு ஸ்ட்ரிக்டா சொல்லிட்டா. டபுள் வெலை குடுத்து காப்பர் வாங்கி, வாரா வாரம் ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போய் ப்ராக்டிஸ் பண்ணேன். கிட்ட வர்ற வரைக்கும் வெயிட் பண்ணித்தான் ஷூட் பண்ணேன்."

அழகான வேலை. துளை சுத்தமாக இருந்தது. எதிர்ப்பக்கத் தோலுக்கு அடியில் தோட்டா அப்படியே கிடந்தது, நான்கு இதழும் முழுசாக. கழுவி அவன் கையில் கொடுத்தேன். பொண்டாட்டியிடம் காட்ட வேண்டும் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"எல்லாமே கைமாதான் காக்கா. நாளைக்கு வீட்ல ஏழாம் மாச விருந்து. கோலா உருண்டை போடப் போறா. ஒண்ணு மட்டும், ஈயத்துல சுட்ட மானுக்கு அப்புறம் நம்மளதை மெஷின்ல போட்டுராதீங்க."

"காப்பர் மானுக்கு அப்புறம்தான் போடுவேன், போ" என்றேன்.

இங்கேதான் நம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கைமா மெஷினில் ஒரு மானைப் போட்டு எடுத்தால் கொஞ்சம் கறி உள்ளேயே தங்கும். அடுத்த மானைப் போடும்போது அது தள்ளிக்கொண்டு வெளியே வரும். சுவருக்கு அந்தப் பக்கம், அமெரிக்கர் ஒவ்வொரு உருப்படிக்கும் மெஷினைக் கழற்றிக் கழுவுவார். பன்றி போகிற மெஷின், கழுவித்தானே ஆகவேண்டும் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். எங்கள் மெஷினைக் காலையில் ஒரு தடவை, கடை மூடும்போது ஒரு தடவை கழுவுவோம். மச்சான் போட்ட சட்டம் அது. சுடும்போது பிஸ்மில்லாஹ் சொன்னார்களா, கிட்டே போனபோது உயிர் இருந்து அறுத்தார்களா என்பதெல்லாம் அவரவருக்கும் அவரவர் ஹஜ்ரத்துக்கும் உள்ள விஷயம். ஆனால் கடைக்குள் வந்துவிட்டால் எல்லாம் ஹலால் மான், ஒன்றோடொன்று கொஞ்சம் கலந்தால் என்ன என்று மச்சான் சொல்வார். பன்றி உள்ளே வராமல் சுவர் கட்டிவிட்டோம், அதனால் நாங்கள் சுத்தம். அந்த எண்ணத்தில் எங்கள் மெஷின்தான் அந்தக் கட்டடத்திலேயே அழுக்கு மெஷினாக இருந்தது. யாருக்கும் உறைக்கவில்லை.

ரியாஸின் மானுக்கு முன்னால் ஃபாரூக் என்று ஒருவருடைய மானைப் போட்டேன். அவரும் கேட்டிதான். தோட்டா என்ன என்று கேட்டதற்கு, "காப்பர்தான் பாய், இதோ கலரைப் பாருங்களேன்" என்று ஒரு தோட்டாவை எடுத்து நீட்டினார். செம்பு நிறத்தில் பளபளவென்று, நுனியில் ஒரு பிளாஸ்டிக் கொண்டையோடு இருந்தது. முழுச் செம்புத் தோட்டாவும் பார்க்க அப்படித்தான் இருக்கும். வாசலில் அத்தனை டிரக். சரி என்று தலையாட்டினேன்.

ஞாயிறு காலை ஃபாரூக் கடைக்கே வந்துவிட்டார். கையில் ஒரு டிஷ்யூ பேப்பர். "பாய், ராத்திரி கைமா சாப்பிடும்போது பல்லுல கல்லு மாதிரி ஏதோ மாட்டுச்சு. உங்க மெஷின் உடைஞ்சிருச்சா?" என்றார். டிஷ்யூவைப் பிரித்தேன். அரிசிக் குருணை அளவில் சாம்பல் நிறத்தில் ஒன்று. கத்தி முனையால் அழுத்தினேன், பள்ளம் விழுந்தது. கறி சுற்றுகிற வெள்ளைத் தாளில் தேய்த்தேன். பென்சில் கோடு மாதிரி சாம்பல் கோடு விழுந்தது. எஃகுக்கும் செம்புக்கும் அந்தக் கோடு விழாது.

"ஃபாரூக் பாய், நீங்க சுட்டது காப்பர் இல்ல. மேல மட்டும்தான் காப்பர்" என்றேன். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, கம்பெனிக்காரன் பெட்டி மேலேயே செம்பு என்று பெரிதாகப் போட்டுவிட்டு, உறை மட்டும்தான் என்பதைப் பொடி எழுத்தில் போட்டிருக்கிறான். கல் மாதிரி ஒரு துகள் அவர் பல்லில் மாட்டியிருக்கிறது என்றால், மாட்டாதது எத்தனை? அது எந்த மெஷினில் தங்கியிருந்து, எந்த மானோடு போயிற்று? அந்தக் கறியை இன்று யார் உருண்டை பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?

ரியாஸுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. விருந்து வீடு, யார் போனைப் பார்ப்பார்கள்? மச்சானிடம் ஓடினேன்.

மச்சான் நிதானமாகக் கேட்டார். பிறகு கதவைச் சாத்தினார். "அதுல என்ன பெருசா இருந்துரப் போவுது மாப்ள? நம்ம வாப்பா, வாப்பாவோட வாப்பா எல்லாம் ஈயச் சட்டில ரசம் வெச்சுக் குடிச்சவங்கதானே?"

"அது வெள்ளீயம் மச்சான். இது வேற. அந்தப் பொண்ணு வயித்துல புள்ள இருக்கு."

"சரி, சொல்லுவ. என்னன்னு சொல்லுவ? எங்க கடை கைமா சுத்தமில்லன்னு சொல்லுவியா? சுத்தமில்லன்னு நீ வாயைத் தொறந்தா, அங்க இருக்கிற அத்தனை பேர் காதுலயும் பன்னின்னுதான் விழும். பொழுது சாயறதுக்குள்ள வாட்ஸ்அப்புல ஹூஸ்டன் பூரா போயிரும். இருபது குடும்பம் இந்தக் கடையை நம்பித் தின்னுது, உன் குடும்பமும் சேத்துத்தான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஃப்ரீசர் போயிருச்சுன்னு சொல்லு. கறி கெட்டிருக்கும், தூக்கிப் போட்டுருங்க, அடுத்த மான் ஃப்ரீயா வெட்டித் தர்றோம்னு சொல்லு. அவ்ளோதான், மேட்டர் ஓவர்."

பிள்ளைகளா, அந்த நிமிடம் எனக்கு அந்தப் பொய் ரொம்பப் பிடித்திருந்தது. யாருக்கும் அவமானமில்லை, கறியும் குப்பைக்குப் போய்விடும். மச்சான் கெட்டவர் இல்லை, பயந்தவர். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஃப்ரீசர் கெட்டுவிட்டது என்று சொன்னால் நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்வார்கள்? எடுத்து மோந்து பார்ப்பார்கள். கறி வாசனையாக, சிவப்பாக, புதிதாக இருக்கும். "நல்லாத்தானே இருக்கு, வேஸ்ட் பண்ணலாமா?" என்று எண்ணெயில் போட்டு எடுத்துவிடுவார்கள். மூக்கால் பார்த்தாலே உடைந்துவிடும் பொய் அது. அதுவும் போகட்டும், அவள் ஏற்கெனவே ஒரு வாய் தின்றிருந்தால்? ஃப்ரீசர் கதையைக் கேட்டுவிட்டு யாராவது ரத்தப் பரிசோதனைக்குப் போவார்களா?

இதையெல்லாம் மச்சானிடம் விளக்க எனக்குத் தெம்பில்லை. ஏப்ரனைக் கழற்றி மாட்டிவிட்டு, மெஷினை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். "மாப்ள, போனா அப்படியே போயிரு" என்று பின்னால் குரல் கேட்டது. ஃப்ரீவே ஏறும்போது யாழ்ப்பாணத்து டாக்டருக்குப் போன் பண்ணினேன். விஷயத்தைச் சொன்னேன். "பதறாதையும் தம்பி. கொஞ்சம் திண்டிருந்தாலும் உடனை ஒண்டும் நடந்திடாது. ஆனா நாளைக்கே ரத்தம் எடுத்துப் பாக்க வேணும், அவவின்ரை டொக்டரிட்டைச் சொல்லத்தான் வேணும். உண்மையைச் சொல்லும். மறைச்சா அவையள் எதைச் சோதிக்கிறது?" என்றார்.

கேட்டியில் அவர்கள் வீட்டு வாசலில் செருப்பு குவிந்து கிடந்தது. தெருவில் வண்டி நிறுத்த இடமில்லை. ரியாஸ் ஐஸ் வாங்கப் போயிருந்தான். நான் கராஜ் வழியாகப் போய், சமையலறைக்குத் திறக்கிற கதவைத் தட்டினேன். ஹசீனாவே வந்து திறந்தாள். வயிற்றுக்கு மேலே மாவு படிந்த சுடிதார், நெற்றியில் வேர்வை. அவளுக்குப் பின்னால் மேடைமேல் பெரிய டிரே நிறையக் கோலா உருண்டை, பொன்னிறமாகப் பொரித்து அடுக்கியிருந்தது.

"வாங்க காக்கா! கரெக்ட் டைமுக்கு வந்துட்டீங்க. உள்ள வாங்க, இன்னும் யாருக்கும் வைக்கல."

"நீ கொஞ்சம் கராஜுக்கு வாம்மா."

என் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு போய்விட்டது. வந்து கதவைச் சாத்தினாள். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வந்தது ஒன்றும் நினைவில் இல்லை.

"பன்னி இல்லம்மா. முதல்ல அதைக் கேட்டுக்க. வேற விஷயம். ஈயம்." ஃபாரூக், சாம்பல் கோடு, கழுவாத மெஷின், எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் நான் நினைத்த மாதிரி கத்தவில்லை. கராஜில் இருந்த வாஷிங் மெஷின்மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டாள். "அதுக்குத்தானே காக்கா அவரைக் காப்பர் வாங்க வெச்சேன்" என்றாள். பிறகு, "உப்பு பாக்கறதுக்கு ரெண்டு தின்னேன்" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன், அவருடைய நம்பரைக் கொடுத்தேன். அவள் நம்பரை வாங்கிக்கொண்டாள். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு சரியாகச் சாத்தவில்லை, எல்லாம் கேட்டது, பாதி தெரிந்தது.

"மாமி, கோலா உருண்டை வேணாம். உப்பு அள்ளிப் போட்டுட்டேன், வாயில வைக்க முடியாது."

"என்னது? இவ்ளோ பேரு வந்திருக்காங்க, இப்ப வந்து சொல்றியா? ஏழு மாசத்துல கையுமா மறந்து போச்சு?" அது அவள் மாமியார்.

"குடும்மா இங்க, கொஞ்சம் உப்புதானே, ஒண்ணு தின்னு பாப்போம்" என்று ஓர் ஆன்ட்டி டிரேயில் கையை விட்டு ஓர் உருண்டையை எடுத்தார். வாய்க்குக் கிட்டே போய்விட்டது. ஹசீனா அதை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். வந்த விருந்தாளி, வயதில் மூத்தவர், அவர் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கி, டிரேயோடு சேர்த்துக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தாள். "இதென்னடி மரியாதை?" என்று மாமியார் கேட்டார்.

குப்பைப் பையில் மிச்சக் கைமாவையும் போட்டுக் கட்டி எடுத்துக்கொண்டு அவளே கராஜுக்கு வந்தாள். நான் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன், கொடுக்கவில்லை. தானே வெளித்தொட்டியில் போட்டாள்.

"உண்மையையே சொல்லியிருக்கலாமேம்மா. என்னை உள்ள கூப்பிட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்" என்றேன்.

"சொல்லியிருந்தா என்ன ஆவும்னு உங்களுக்குத் தெரியாதா காக்கா? ஈயம்னு யார் கேப்பா? ஹலால் கடைல என்னமோ கலந்துட்டாங்கன்னுதான் போவும்." மூச்சு வாங்கினாள். "உங்களுக்காக ஒண்ணும் பண்ணல. நாளைக்கு என் புள்ள இந்த ஊர்லதான் கறி திங்கணும், அதுக்குக் கடை இருக்கணும். ஆனா அந்த மெஷினை ஒவ்வொரு தடவையும் கழுவுங்க. அடுத்த வருஷம் நான் வந்து நின்னு பாப்பேன். உங்க மச்சான்கிட்ட சொல்லிருங்க." பிறகு, "இப்ப போங்க காக்கா, அவரு வந்தா சண்டை போடுவாரு. நானே சொல்லிக்கறேன்" என்றாள்.

ரியாஸின் மானுக்குப் பிறகு மெஷினில் போன மான்காரர்களுக்கும் அன்றைக்கே போன் பண்ணிச் சொன்னேன். பன்றி இல்லை, ஈயம் என்றுதான் ஒவ்வொருவரிடமும் ஆரம்பித்தேன். ஒருவர் என் பரம்பரையையே இழுத்துத் திட்டிவிட்டு அப்புறம் வரவேயில்லை. இன்னொருவர் சிரித்தார், ஆனால் கறியைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். ஹசீனாவின் ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. பயப்படும் அளவில் ஒன்றுமில்லை என்று ரியாஸ் ஒரு வரி மெசேஜ் அனுப்பினான். அதற்குமேல் ஒரு வார்த்தை எழுதவில்லை, அவன் கோபம் நியாயம்தான். நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது என்று என் அக்கா சொல்லித்தான் தெரியும்.

மச்சான் என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை, ஆனால் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒவ்வொரு மானுக்கும் மெஷினைக் கழற்றிக் கழுவினால் ஒருநாளில் வெட்டுகிற மான் குறையும், வாசலில் டிரக் நிற்கும், ஆட்கள் கத்துவார்கள். எல்லாம் நடந்தது. ஒருநாள் அந்தப் பக்கத்து அமெரிக்கர் கதவோரம் நின்று நான் கழுவுவதைப் பார்த்தார். தலையை ஒருமுறை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அவரிடமிருந்து அது பெரிய விஷயம்.

நீங்கள் வாசலில் புதிதாக போர்டு வைத்திருக்கிறீர்களாம், நூறு சதவீதம் சுத்தம் என்று. வைத்துக்கொள்ளுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பளபளப்பைப் பார்த்துத் தோட்டாவை நம்பாதீர்கள், பெட்டியைக் கொண்டுவரச் சொல்லிப் பொடி எழுத்தையும் படியுங்கள், தெரியாவிட்டால் ஈயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது தப்பு நடந்துவிட்டால் மெசேஜ் அனுப்பாதீர்கள், ஆளைத் தேடி நேரில் போங்கள். என்ன ஆயிற்று என்பதை, ஈயம் என்றால் ஈயம் என்றே பெயர் சொல்லிச் சொல்லுங்கள். இதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஹசீனா சொன்ன மாதிரியே மறு வருடம் வந்தாள். இடுப்பில் குழந்தையோடு, கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றாள். நான் மெஷினின் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிக் கழுவி, அவள் பார்க்கும்படி தூக்கிக் காட்டிவிட்டுத்தான் அவர்கள் மானைப் போட்டேன். அதற்குப் பிறகும் வருடா வருடம் அப்படித்தான். நன்றியுமில்லை, குத்தலுமில்லை, பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவாள். ஆனால் கேட்டியில் இன்றைக்கும் எந்த விருந்தானாலும் அவள் அடுப்பு பக்கம் போனால், "ஹசீனா, உப்பு பாத்துப் போடும்மா" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார்களாம். எல்லோரும் சிரிப்பார்களாம். அவளும் சிரிப்பாளாம். அக்கா இதைச் சொன்னபோது என்னால் சிரிக்க முடியவில்லை. அந்த உப்பு எங்கள் கடை உப்பு என்று இதுவரை ரியாஸைத் தவிர அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. இதை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "பேரை மாத்திட்டு எழுதுங்க காக்கா, அவங்களும் மெஷினைக் கழுவட்டும்" என்றாள்.

நான் கடைசியாக வேலை பார்த்த சீசனில் அவர்கள் வந்தபோது, அந்தப் பெண் குழந்தை ஜன்னலுக்கு எட்டும் அளவுக்கு வளர்ந்திருந்தது. தாயோடு சேர்ந்து அதுவும் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றது. அவர்கள் வருவதற்குச் சற்று முன்னால்தான் மெஷினைச் சுத்தமாகக் கழுவி மாட்டி வைத்திருந்தேன். குழந்தை கண்ணாடியைத் தட்டி, "அங்கிள், டிட் யூ வாஷ் இட்?" என்று கேட்டது.

கழுவியாச்சு கண்ணு என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஹசீனா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தோள் வேறு அன்றைக்கு விண்விண்ணென்று தெறித்தது. நான் ஸ்பேனரை எடுத்து, மெஷினை மறுபடியும் முதலிலிருந்து கழற்ற ஆரம்பித்தேன்.